நினைவுக்கல்லில் உறவுச்சொல்: எபிரேயக் கல்லறை எழுத்தும் செங்கம் நடுகற்களும்

ஆய்வுச் சுருக்கம்

யூதர்களின் குடும்ப வரலாற்றை மீட்டெடுக்கும் ஆய்வில் எபிரேயக் கல்லறைக் கல்வெட்டுகள் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. அவற்றில் காணப்படும் உறவுச்சொற்களை எப்போது குருதி உறவாகக் கொள்ளலாம், எப்போது கொள்ளலாகாது என்பதற்கு அவ்வாய்வு சில நெறிகளை உருவாக்கியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களிலும் மகன், இளமகன், மருமக்கள், சேவகன் ஆகிய சொற்கள் பயில்கின்றன. எபிரேயக் கல்லறை எழுத்தைப் படிக்கும் நெறியைத் துணைக்கொண்டு எடுத்தனூர் நடுகல்லின் உறவுச்சொற்களை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. நினைவுக்கல்லின் உறவுச்சொல் முதலில் வாய்பாட்டின் உறுப்பு. பிற சான்று துணை நின்றால் மட்டுமே அது குடிவழிச் சான்றாகும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நடுகல், செங்கம், எடுத்தனூர், எபிரேயக் கல்லறை எழுத்து, உறவுச்சொல், குடிவழி, மருமக்கள், இளமகன்.

முன்னுரை

இறந்தவரைக் கல்லில் நிறுத்துவது பல சமூகங்களுக்குப் பொதுவான வழக்கம். தமிழில் அவ்வழக்கம் இலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் எடுக்கும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. செங்கண்மாத் தலைவன் நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், வழியில் வணங்கத்தக்க நடுகற்களையும் குறிப்பிடுகிறது. அந்தச் செங்கண்மாவே இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். அவ்வட்டாரத்தின் நடுகல் எழுத்துகளைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. அதன் பிறகே இவ்வட்டாரம் நடுகல் ஆய்வின் மையமாயிற்று.

அன்று முதல் இக்கற்கள் பெரும்பாலும் மூன்று நோக்கங்களுக்காகப் படிக்கப்பட்டு வந்துள்ளன. முதலாவது, பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுகளை வரையறுப்பது. இரண்டாவது, வட்டெழுத்தின் வளர்ச்சியைக் காட்டுவது. மூன்றாவது, வெட்சி, கரந்தைத் திணைகளுக்குக் கல்லில் சான்று தேடுவது. ர. பூங்குன்றன் போன்றோர் இவற்றைத் தொல்குடி நிலையிலிருந்து வேளிர், அரசு என நிகழ்ந்த சமூக மாற்றத்தின் சான்றுகளாகவும் படித்துள்ளனர். இவை யாவும் பயனுள்ள படிப்புகளே. ஆயினும் அண்மைக் காலத்தில் நான்காவதாக ஒரு படிப்பு பெருகி வருகிறது. கல்லில் பெயர் பெற்ற வீரனைத் தத்தம் குலத்தின் முன்னோனாக உரிமை கோரும் படிப்பு அது. ஆய்வரங்குகளுக்கு வெளியே தோன்றிய இப்போக்கு, ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் ஊர் வரலாற்று நூல்களிலும் இடம்பிடிக்கத் தொடங்கியுள்ளது. இதனை மறுக்கவோ ஏற்கவோ வேண்டுமெனில், கல்லின் உறவுச்சொல் எதற்குச் சான்றாகும் என்ற வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும். அவ்வினாவை நெடுங்காலம் எதிர்கொண்ட துறைகளுள் ஒன்று யூதக் குடும்ப வரலாற்றாய்வு.

இவ்வொப்பீடு வலிந்து செய்யப்படுவதன்று. வட்டெழுத்தும் எபிரேய எழுத்தும் ஒரே ஆவணத்தில் அருகருகே நின்ற வரலாறு தென்னாட்டுக்கு உண்டு. கி.பி. 849ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சான்றாளர் கையொப்பங்களுள் கூஃபி, பகலவி எழுத்துகளோடு எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீகமும் காணப்படுகிறது. சேரமன்னன் பாஸ்கர ரவி கி.பி. 1000ஐ ஒட்டி யூத வணிகத் தலைவர் இசுப்பு இரப்பானுக்கு அளித்த செப்பேடும் வட்டெழுத்திலேயே உள்ளது. அச்செப்பேடு இக்கட்டுரையின் வாதத்தில் பின்னர் முக்கியமான இடம் பெறும்.

எபிரேயக் கல்லறை எழுத்தின் கட்டமைப்பு

ஐரோப்பாவின் பல ஊர்களில் யூதச் சமூகங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இரண்டாம் உலகப்போர்க் காலப் பேரழிவில் சமூகங்களோடு சேர்ந்தே அழிந்தன. நாஜிகள் கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சாலைக்குத் தளமாக இட்ட ஊர்களும் உண்டு. எஞ்சிய கற்கள் பல குடும்பங்களுக்குக் கடைசிச் சான்றாயின. ஆகவே அவற்றைப் படமெடுத்து, பெயர்த்தெழுதி, உலகளாவிய அடக்கப் பதிவேடுகளில் சேர்க்கும் பணி கடந்த சில பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது. அப்பணியில் ஈடுபடுவோருள் பலர் எபிரேயம் அறியாத வழித்தோன்றல்கள். அவர்கள் செய்யும் பிழைகளிலிருந்தே படிப்பு நெறிகள் பல பிறந்தன.

எபிரேயக் கல்லறை எழுத்து பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைவது. 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்' என்னும் பொருள்படும் தொடரின் சுருக்கமாகப் 'பே', 'நூன்' என்னும் இரண்டு எழுத்துகள் மேலே நிற்கும். தொடர்ந்து இறந்தவரின் பெயரும் தந்தையின் பெயரும் வரும். இடையில் ஆணுக்குப் 'பென்' என்றும் பெண்ணுக்குப் 'பத்' என்றும் மகன், மகள் உறவு சுட்டப்படும். பின்னர் இறந்த நாள் எபிரேய நாள்காட்டியின்படி குறிக்கப்படும். இறுதியில் சாமுவேல் நூலிலிருந்து வந்த வேண்டுதல் ஒன்றின் முதலெழுத்துகள் ஐந்து இடம்பெறும். இறந்தவரின் உயிர் வாழ்வோரின் திரளில் பிணைந்திருக்கட்டும் என்பது அதன் கருத்து.

இக்கட்டமைப்பு ஆய்வாளருக்கு ஒரு பெருங்கொடையை அளிக்கிறது. அரசுப் பதிவேடு தராத தந்தை பெயரைக் கல் தருகிறது. ஐரோப்பிய யூதர் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை இல்லை; ஆஸ்திரியப் பேரரசில் 1787ஆம் ஆண்டு ஆணைதான் அதைக் கட்டாயமாக்கியது. தந்தை பெயரின் தலைப்பெழுத்தைத் தன் பெயருக்கு முன் இடும் தமிழர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். தலைமுறைதோறும் மாறும் முன்னொட்டைக் கொண்டு மூன்று தலைமுறைக்கு அப்பால் செல்வது கடினம். எபிரேயக் கல் ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை மேலே செல்லும் படியாக அமைகிறது. இறந்தவரின் கல் தந்தை பெயரைத் தரும்; தந்தையின் கல் பாட்டனின் பெயரைத் தரும்.

நாளைக் கணிப்பதிலும் விழிப்பு தேவைப்படுகிறது. எபிரேய ஆண்டு எழுத்துகளின் எண்மதிப்பால் குறிக்கப்படும். ஐயாயிரம் என்னும் எண் பெரும்பாலும் விடுபடும். 660 எனக் கண்டால் அது 5660. எழுதப்பட்ட எண்ணோடு 1240ஐக் கூட்டினால் 1900 கிடைக்கும். ஆனால் எபிரேய ஆண்டு செப்டம்பர், அக்டோபரை ஒட்டித் தொடங்குவதால், ஆண்டின் முதல் மாதங்களில் இறந்தவருக்கு 1899 என்பதே சரி. நாள் மாலையில் தொடங்குவதால் சூரியன் மறைந்த பின் இறந்தவருக்கு ஒருநாள் வேறுபடும். ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிக்கும் தமிழ்க் கல்வெட்டாய்வாளர்க்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று.

தந்தை பெயர் போலத் தோன்றுபவை

எபிரேயக் கல்லின் பெருங்கொடையே அதன் பெரும்பொறியும் ஆகும். 'பென்' என்னும் சொல்லை அடுத்து வருவது எப்போதும் தந்தையின் பெயரன்று. நான்கு நிலைகளை வேறுபடுத்திக் காணலாம்.

முதலாவது, வயதுத் தொடர். எழுபது வயதில் இறந்தவரை எழுபது ஆண்டின் 'மகன்' என்று கூறுவது எபிரேய மரபு. வயதைக் குறிக்கும் எழுத்துகளை ஒரு பெயராகப் படித்துவிடும் பிழை புதியவர்க்கு இயல்பாக நேர்வது.

இரண்டாவது, மதிப்புச் சுருக்கம். தந்தை பெயருக்கு முன் 'பெத்', 'ரேஷ்' என்னும் எழுத்துகள் சேர்ந்து நின்றால், 'மதிப்புக்குரிய இன்னாரின் மகன்' என்று பொருள். இதனைச் சமயகுருவின் மகன் எனப் படித்து, முன்னோர் அனைவரும் ரபிகள் என்று பெருமிதம் கொண்ட குடும்பங்கள் பல. 'திரு' என்ற அடைமொழியைக் கண்டு ஒருவரைத் துறவி எனக் கருதுவதற்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது, சமயம் மாறியோர். யூத சமயத்தை ஏற்றவருக்குச் சமய வழக்கில் தந்தை ஆபிரகாமே. எனவே 'ஆபிரகாமின் மகன்' என்னும் தொடர் ஆபிரகாம் என்ற பெயருடைய ஒருவரின் மகனையும் குறிக்கலாம். புதிதாகச் சமயம் ஏற்றவரையும் குறிக்கலாம். 'நம் தந்தையாகிய ஆபிரகாம்' என்று கல் விரித்துரைத்தால் ஐயம் நீங்கும். விரிக்காவிடில் கல்லை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது.

நான்காவது, உறுப்பினர் பொருள். 'பென்', 'பத்' ஆகியவை ஒரு திரளைச் சேர்ந்தவர் என்ற பொருளிலும் வழங்கும். கேரளத்தின் சேந்தமங்கலத்தில் உள்ள 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. அதில் குறிக்கப்படும் பெண் சாரா பத் இஸ்ராயேல். இஸ்ராயேல் என்பவரின் மகள் சாரா என்பதே வழக்கமான பொருள். இயல்பான பொருளும் அதுவே. ஆயினும் இஸ்ராயேல் என்பது ஒரு மக்களினத்தின் பெயருமாதலால், சொல்லளவில் மற்றொரு பொருளுக்கும் இடமுண்டு. அக்கல் இன்று கல்லறையில் இல்லை. தொழுகைக்கூடத்தின் முன் நிறுத்தப்பட்டுள்ளது. அருகில் தந்தையின் கல்லோ உடன்பிறந்தாரின் கல்லோ இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய துணைச்சான்று இடமாற்றத்தால் அற்றுப்போயிற்று.

பெயரிடும் வழக்கமும் குழப்பத்தைப் பெருக்குவதாகும். அஷ்கெனாசி யூதர் உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு இடுவதில்லை. செபார்டி யூதரோ வாழும் பாட்டனின் பெயரையே பேரனுக்கு இடுவர். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ எனக் கொள்ளும் தமிழ் மரபுக்கு இது அண்மையானது. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மீண்டும் மீண்டும் வரும்போது, இரு கற்களில் உள்ள பெயரொற்றுமை ஒரே மனிதரைக் காட்டாது. நன்னன்சேய் நன்னன் என மலைபடுகடாத்தின் தலைவன் குறிக்கப்படுவதையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம்.

குறியீடுகளும் அவ்வாறே. ஆசி வழங்கும் நிலையில் விரிந்த இரு கைகள் கோகென் எனப்படும் குருக்கள் வழியையும், நீர்க்கெண்டி லேவியர் வழியையும் குறிக்கும். இவை தந்தைவழி வருவன. ஆதலால் குடிவழிச் சான்றாக மதிப்புடையன. ஆனால் குறியீட்டின் பொருள் அந்தந்த மரபுக்குள் மட்டுமே செல்லும். செங்கம் நடுகற்களில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டுள்ளன. அவை படையலோடும் வழிபாட்டோடும் தொடர்புடையன. குலம் சுட்டுவன அல்ல. ஒரே வடிவம் ஒரு மரபில் குடிவழியையும் மற்றொன்றில் வழிபாட்டையும் சுட்டுவது, உருவத்தைக் கண்ட அளவில் குலம் கூறுவோர்க்கு ஓர் எச்சரிக்கை.

எடுத்தனூர்க் கல்: மகனா, வீரனா?

தண்டராம்பட்டுப் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் உள்ள நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்டது. வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையார். அவருடைய இளமகன் கருந்தேவக்கத்தி. அவன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்தான் என்பது கல்லின் செய்தி. வில்லேந்திய வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளன் ஒருவனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனி வாசகம் கூறுகிறது.

நாய்க்குப் பெயர் தந்த கல் என்னும் சிறப்பினால் இது பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் வீரனின் உறவைச் சுட்டும் இளமகன் என்னும் சொல் அதே அளவு கவனம் பெறவில்லை. அச்சொல்லை இளைய மகன் எனக் கொண்டால் கருந்தேவக்கத்தி பொற்றொக்கையாரின் குருதிவழி. வாணகோ அரைசர் குடியோடு உறவுடையவன். ஒரு தலைமைக் குடியின் பிள்ளை. இளவீரன் அல்லது ஏவலாள் எனக் கொண்டால் அவன் அக்குடிக்குத் தொண்டு செய்தவன் மட்டுமே. முதற்பொருள் அவனுக்கு ஒரு தந்தையைத் தருகிறது. இரண்டாம் பொருள் ஒரு தலைவனைத் தருகிறது. ஒரு சொல்லின் பொருளில் ஒரு மனிதனின் சமூக நிலை முழுவதும் அடங்கியுள்ளது.

மகன் என்னும் சொல் தமிழில் புதல்வனை மட்டும் குறிப்பதன்று. பெருமகன், திருமகன் முதலிய சொற்களில் அது ஆள், மாந்தன் என்ற பொருளில் வழங்குகிறது. இளையர் என்பது சங்க இலக்கியத்தில் தலைவனுடன் செல்லும் ஏவல் இளைஞரையும் படைவீரரையும் குறிக்கும். எபிரேயப் 'பென்' போலவே மகன் என்பதும் பிறப்பையும் சேர்மையையும் ஒருங்கே சுட்டவல்ல சொல். எனவே அகராதிப் பொருளைக் கொண்டு மட்டும் முடிவு செய்வது பொருந்தாது. அச்சொல் வாய்பாட்டில் நிற்கும் இடத்தை நோக்க வேண்டும்.

செங்கம் நடுகற்களின் பொது அமைப்பு இது: அரசன் பெயரும் ஆட்சியாண்டும், வட்டாரத் தலைவன் பெயர், அத்தலைவனோடு வீரனுக்குள்ள தொடர்பு, வீரனின் பெயர், பூசல் நிகழ்ந்த சூழல், 'பட்டான் கல்' என்னும் முடிபு. வீரனின் தொடர்பைச் சுட்டும் இடத்தில் பிற கற்களில் சேவகன் என்னும் சொல்லும் நிற்கிறது. ஒரே இடத்தில் மாறி மாறி நிற்கும் சொற்கள் ஒத்த செயற்பாடுடையனவாக இருக்கக்கூடும் என்பது மொழியாய்வின் பொது நெறி. இந்நெறி இளமகன் என்பதற்கு வீரன், ஏவலாள் என்னும் பொருளின் பக்கம் சாய்கிறது. பொற்றொக்கையார் ஆர் விகுதி பெற, வீரன் உயர்வு விகுதியின்றிப் 'பட்டான்' எனப்படுவதும் கருதத்தக்கது. எனினும் தந்தைக்கு உயர்வு விகுதி தந்து மகனை இயல்பாகக் கூறுதலும் மரபே. ஆகவே இது தீர்ப்பளிக்கும் சான்றாகாது.

எதிர்வாதம் ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல் எருமையைத் 'தன்' எருமை என்கிறது. மந்தை அவனுடையதாயின் அவனை வெறும் ஏவலாளாகக் கருதுவது எங்ஙனம் எனலாம். ஆனால் ஏவல் வீரனுக்கும் சொந்த மந்தை இருக்கலாம். 'தன்' என்பது அவன் பொறுப்பில் இருந்த மந்தையையும் சுட்டலாம். ஆகவே கல் தரும் அகச்சான்று இரண்டாம் பொருளுக்குச் சற்றுக் கூடுதல் வலிமை தருகிறதேயன்றி முதற்பொருளை முற்றும் மறுக்கவில்லை. இந்நிலையில் அவனைத் தலைமைக் குடியின் மகன் என உறுதியாக எழுதுவது சான்றை மீறிய கூற்றாகும்.

இத்தகைய ஐயம் செங்கத்துக்கு மட்டும் உரியதன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஒன்றில் தீயன் அந்தவன் எனப் பெயர் வருகிறது. தீயன் என்பது தந்தையின் பெயரா, ஆளின் பெயரில் ஒரு பகுதியா, ஒரு குழுவின் பெயரா என்பதைக் கல்லை மட்டும் கொண்டு துணிய முடியாது. பெயரும் பெயரும் அடுத்தடுத்து நிற்பதே தமிழில் தந்தை மகன் உறவைக் காட்டவல்லது. அதுவே ஊரையும் குழுவையும் காட்டவல்லது.

மருமக்கள்: செப்பேடு தரும் ஒளி

எடுத்தனூர்க் கல்லின் மற்றோர் உறவுச்சொல் மருமக்கள். வடிவில் பன்மையாயினும் ஒருவரையே உயர்வாகக் குறிக்கிறது. இதன் பொருள் உடன்பிறந்தாளின் மகனா, மகளின் கணவனா, பொதுவாக வழித்தோன்றலா என்பது வினா. இச்சொல்லைத் தாய்வழி மரபின் எச்சமாகக் காணும் நோக்கும் உண்டு. அக்காள் மகனுக்கு மகளைக் கொடுக்கும் மணமுறை நிலவும் சமூகத்தில் முதலிரண்டு பொருளும் ஒரே மனிதரிடம் இணைந்துவிடும். அங்குச் சொல்லைப் பிரிக்க வேண்டிய தேவையே எழாது.

அத்தேவை எழுந்த இடம் ஒன்று உண்டு. இசுப்பு இரப்பானுக்கு அளிக்கப்பட்ட செப்பேடு, அஞ்சுவண்ண உரிமை அவருடைய ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்த மருமக்களுக்கும் வழிவழியாக உரியது என்கிறது. மருமக்கள் என்னும் சொல் இங்கு இருமுறை வருகிறது. இரண்டாவது மருமக்கள் பெண்ணைக் கொண்டவர் என அடைமொழியால் வேறுபடுத்தப்படுவதால், அடைமொழியற்ற முதலாவது உடன்பிறந்தாளின் மக்களைக் குறிக்கிறது எனல் பொருந்தும். வட்டெழுத்து ஆவணத்தை எழுதியோர் ஒரு சொல்லின் ஈரடித்தன்மையை அறிந்து, உரிமை கைமாறும் இடத்தில் அதைத் தெளிவுபடுத்தினர்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, அடைமொழியற்ற மருமக்கள் உடன்பிறந்தாளின் மகனைக் குறிக்கும் வாய்ப்பு மிகுதி. இதனை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு முந்தைய செங்கத்துக்கு அப்படியே பொருத்துவதில் காலமும் இடமும் தடையாக நிற்பினும், வட்டெழுத்து வழங்கிய பரப்பில் சொல் எவ்வாறு இயங்கியது என்பதற்கு இது மதிப்புள்ள துணைச்சான்று. மற்றொன்று இன்னும் முக்கியமானது. யூதத் தலைவருக்கு அளித்த உரிமையில் உடன்பிறந்தாளின் மக்கள் இடம்பெற்றதைக் கொண்டு, அவர் குடும்பம் மருமக்கள் வழியைப் பின்பற்றியது எனக் கூறலாகாது. அந்நாட்டு உரிமை ஆவணங்களின் சொல்லமைப்பு அவருக்கும் பயன்படுத்தப்பட்டது என்பதே எளிய விளக்கம். உறவுச்சொல் ஆவணத்தின் மரபைக் காட்டுகிறது. குடும்பத்தின் அமைப்பை அது நேரடியாகக் காட்டுவதில்லை.

கல்லை எழுப்பியவர் யார்?

எபிரேயக் கல்லறைக் கல்லைப் பெரும்பாலும் குடும்பத்தாரே எழுப்புவர். எனவே ஏழையாயினும் செல்வராயினும் இறந்தவருக்குத் தந்தை பெயர் உண்டு. சமய வழக்கில் ஒருவரை அழைக்கும் முறையே அது. சென்னைக்குக் கோல்கொண்டா வைர வணிகத்தின் பொருட்டு வந்து 1687இல் இறந்த ஜாக் தி பைவா போன்ற செபார்டி வணிகர்கள் கும்பினி ஆவணங்களில் போர்த்துக்கேயப் பெயரால் அறியப்பட்டனர். அத்தகையோரின் தந்தைவழிப் பெயரை எபிரேயக் கல்லிலும் சமயப் பதிவிலும்தான் தேட வேண்டும். வட சென்னையில் இருந்த பழைய யூத இடுகாட்டின் கற்கள் இருபதாம் நூற்றாண்டில் இடம்பெயர்க்கப்பட்டு, இப்போது லாயிட்ஸ் சாலைப் பகுதியில் உள்ளன. எண்ணிக்கையில் குறைந்த அக்கற்களும் சேந்தமங்கலக் கல்லைப் போலவே தம் இடச்சூழலை இழந்தவையே.

நடுகல் எழும் சூழல் வேறு. வீரனைக் கல்லில் நிறுத்துவதில் ஊருக்கும் தலைவனுக்கும் பங்குண்டு. ஆகவே கல் முதலில் கூறுவது அரசனை, அடுத்துத் தலைவனை, பின்னரே வீரனை. தந்தை பெயர் கூறும் நடுகற்கள் இல்லாமல் இல்லை. எனினும் வாய்பாட்டின் அழுத்தம் தலைவனோடு வீரனுக்குள்ள தொடர்பின் மீதே விழுகிறது. எடுத்தனூரில் இளமகன் என்பதை ஏவல் வீரன் எனக் கொண்டால், கருந்தேவக்கத்தியின் தந்தை பெயரையோ தாய் பெயரையோ கல் கூறவில்லை. அவனுடன் நின்ற நாயின் பெயரைக் கூறுகிறது. தந்தையை மறந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவன் எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்று கல்லை எடுத்தோர் முடிவு செய்தார்களோ அதற்குத் தந்தை தேவைப்படவில்லை. அரசன், தலைவன், எருமை, நாய் ஆகியவை தேவைப்பட்டன. எபிரேயக் கல் பிறப்பைப் பதிவு செய்கிறது. செங்கம் நடுகல் சேர்மையைப் பதிவு செய்கிறது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டாவதை முதலாவதாகப் படிப்பதே குலவழிப் படிப்பின் அடிப்படைப் பிழை.

குடிவழி உரிமையும் கல்லின் எல்லையும்

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. குடிவழிக் கூற்று வாழ்வோரின் உரிமையைத் தீர்மானித்த வரலாறு யூதரிடையேயும் உண்டு. கொச்சிப் பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்டவர்களுக்கு நெடுங்காலம் சம உரிமை மறுக்கப்பட்டது. அவ்வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறவழியில் போராடினார். யார் எவருடைய மகன் என்ற வினா அங்கு இருக்கையையும் வழிபாட்டு உரிமையையும் பற்றியதாக இருந்தது.

தமிழ்நாட்டில் நடுகல்லை முன்னிறுத்தி எழும் குல உரிமைக் கூற்றுகளும் இத்தகைய விளைவுகளை உடையன. ஒரே கல்லுக்கு இரு பிரிவினர் உரிமை கோரும்போது, ஆய்வாளரின் ஒரு சொல் ஊரின் சமநிலையைப் பாதிக்கும். இளமகன் என்பதற்கு இளைய மகன் என்று ஐயமின்றி எழுதும் ஒரு வரி, தலைமைக் குடிக்கு ஒரு வீரனைச் சேர்த்துவிடுகிறது. ஏவல் செய்து உயிர் துறந்த எளியவன் ஒருவனை வரலாற்றிலிருந்து நீக்கியும் விடுகிறது. இரண்டாவது இழப்பே பெரிது. தலைவர்களுக்குச் செப்பேடும் மெய்க்கீர்த்தியும் உண்டு; ஏவல் வீரனுக்கு இந்தக் கல் ஒன்றே உண்டு.

ஆய்வு நெறிக்கான பரிந்துரை

எபிரேயக் கல்லறை ஆய்வின் பட்டறிவைச் செங்கம் வட்டாரத்துக்கு ஏற்பச் சில நெறிகளாக வகுக்கலாம்.

ஒன்று, உறவுச்சொற்களுக்குத் தனிச் சொல்லடைவு வேண்டும். மகன், இளமகன், மக்கள், மருமக்கள், சேவகன் ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் கல்லில், எந்த ஆட்சியாண்டில், எவருக்கும் எவருக்கும் இடையில் நிற்கிறது என அட்டவணைப்படுத்தினால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும் முறை புலப்படும்.

இரண்டு, பெயர்த்தெழுதலும் பொருள்கோளும் பிரிந்து நிற்க வேண்டும். கல்லில் உள்ள சொல்லை அப்படியே தந்து, விளக்கத்தை வேறாகத் தருவது பின்வரும் ஆய்வாளர் மறுபரிசீலனை செய்ய இடமளிக்கும். விளக்கத்தில் 'மகன்' எனச் சுருக்கி எழுதப்பட்ட இளமகன், அடுத்த நூலில் ஐயமற்ற புதல்வனாகவே நிலைத்துவிடும்.

மூன்று, பெயரொற்றுமையை ஆளொற்றுமையாகக் கொள்ளலாகாது. பெயர், பட்டம், நாடு, காலம் ஆகியவற்றுள் குறைந்தது மூன்றேனும் ஒத்தால் மட்டுமே இரு கற்களின் மனிதரை ஒருவராகக் கருத வேண்டும்.

நான்கு, கல் நின்ற இடம் பதிவாக வேண்டும். வயலிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து அருங்காட்சியகத்துக்கும் பெயரும் கற்களின் முந்தைய இடம், அருகிருந்த பிற கற்கள், ஊரார் வழங்கும் பெயர், நடைபெறும் வழிபாடு ஆகியவை எழுத்துக்கு இணையான சான்றுகள்.

முடிவுரை

எபிரேயக் கல்லறை எழுத்து குடிவழியைக் கூறுவதற்கென அமைந்த வாய்பாடு. அதிலேயே வயதும் மதிப்புச்சொல்லும் சமயத் தந்தையும் மக்களினமும் தந்தையின் இடத்தில் வந்து நின்று ஆய்வாளரை மயக்குகின்றன. சேர்மையைக் கூறுவதற்கென அமைந்த செங்கம் நடுகல்லில் அம்மயக்கம் இன்னும் மிகுதி. எனவே நடுகல்லின் உறவுச்சொல்லைக் குருதியுறவாகக் கொள்வதற்கு முன், வாய்பாட்டில் அதன் இடத்தையும், அதற்கு மாற்றாக வரும் சொற்களையும், சமகாலப் பிற ஆவணங்களில் அதன் வழக்கையும் நோக்க வேண்டும்.

இவ்வாறு நோக்கும்போது எடுத்தனூர்க் கருந்தேவக்கத்தி எக்குலத்தின் முன்னோன் என்பதற்குக் கல் விடை தரவில்லை என்பது தெளிவாகிறது. பொற்றொக்கையாரைச் சார்ந்து நின்றவன், எருமைகளைக் காத்து இறந்தவன், கோவிவன் என்னும் நாயை உடன் கொண்டவன் என்பதைக் கல் ஐயமின்றிக் கூறுகிறது. கல் கூறியதை முழுமையாக ஏற்பதும், கூறாததை அதன்மேல் ஏற்றாதிருப்பதும் ஆய்வாளரின் கடன்.